நாலே முக்கால் மணி அலாரம்

போன வருஷம் பிப்ரவரி கடைசி வாரத்தில் மாடி வீட்டுக்காரரோடு எனக்குச் சண்டையே வந்திருக்கும். விடிகாலை நாலே முக்கால் மணிக்கு யாரோ விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நிறுத்தி மறுபடி, அப்புறம் வேறு ராகத்தில் இன்னொரு தடவை, இப்படியே ஐந்தே முக்கால் வரைக்கும். மனுஷன் செல்போனில் அலாரம் வைத்துவிட்டு எழுந்திருக்காமல் புரண்டு படுக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, நாலாவது நாள் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்து, "சார், நான் உங்க வீட்டு அலாரம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். இரண்டு பேரும் அங்கேயே மாடிப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டோம். எதிர்வீட்டு மொட்டை மாடியில் பல வருஷமாக எதற்கும் உதவாமல் நிற்கிற பழைய டிவி ஆன்டெனாவின் உச்சியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். இருட்டோடு இருட்டாக அங்கே கைப்பிடி அளவுக்கு ஒரு உருவம்.

அதுவரை எனக்குக் காக்கா, மைனா, புறா தவிர எதுவும் தெரியாது. திருச்சி புத்தூரில் பஸ் சத்தத்துக்கும் பால் வண்டிச் சத்தத்துக்கும் நடுவில் வேறு எதைத் தெரிந்துகொள்வது. அன்றைக்கு ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், அதே குருவி எங்கள் வீட்டு முருங்கைக்குக் கீழே இறங்கித் தத்தித் தத்திப் போவதைப் பார்த்தேன். தலை, கழுத்து, மார்பு, முதுகு எல்லாம் கறுப்பு. சும்மா கறுப்பில்லை, வெயில் பட்டால் கருநீலமாகப் பளபளக்கிற கறுப்பு. வயிறு சுத்த வெள்ளை. மடக்கிய இறக்கையில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. வாலின் நடு இறகுகள் கறுப்பு, ஓரத்து இறகுகள் வெள்ளை. அந்த வாலை அது தரையோடு விடவே இல்லை, நிமிர்த்திக்கொண்டே திரிந்தது, இரண்டு தத்துக்கு ஒரு தரம் இன்னும் கொஞ்சம் தூக்கிச் சட்டென்று இறக்கியது. கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாகக் கோர்ட்டுக்குப் புறப்பட்ட வக்கீல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. இந்த உவமையைப் பின்னால் ஒரு இடத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

செல்போனில் மெர்லின் என்றொரு ஆப் இருக்கிறது, பறவைச் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதில் வந்தது ஆங்கிலப் பெயர், ஓரியன்டல் மேக்பை ராபின். தமிழில் தேடினால் குண்டுக்கரிச்சான். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், குண்டெல்லாம் இல்லை. வாலோடு சேர்த்து அளந்தால் 19 சென்டிமீட்டர், எடை முப்பது நாற்பது கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையின் எடைகூடத் தேறாது. கரிச்சான் என்று தனியாகச் சொன்னால் அது வேறு பறவை, வால் இரட்டையாகப் பிரிந்திருக்கும், மாட்டு முதுகில் உட்கார்ந்து போகும், ஊரில் இரட்டைவால் குருவி என்போம். அந்த ஒல்லிக் கரிச்சானுக்குப் பக்கத்தில் வைத்தால் இது குண்டு, அப்படித்தான் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

லால்குடியில் இருக்கிற அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அட, வண்ணாத்திக்குருவிடா அது. கெணத்தடியில எப்பவும் கெடக்குமே, அதைப் போயி என்னமோ வெளிநாட்டுலேர்ந்து வந்த மாதிரி சொல்ற" என்றாள். பத்து வயசு வரைக்கும் அதே கிணற்றடியில்தான் நானும் குளித்தேன். ஒரு நாளும் பார்த்த ஞாபகம் இல்லை. மலையாளத்திலும் இதற்கு வண்ணாத்திப்புள்ளு என்றுதான் பெயர், மண்ணாத்திப்புள்ளு என்றும் சொல்கிறார்கள். துவைகல்லும் தண்ணீரும் ஈரத்தரையும் இருக்கிற இடத்தில் பூச்சிபுழு இருக்கும், அங்கே இது இருக்கும், துவைக்கிறவர்கள் பெயர் இதற்கு வந்தது அதனால்தான் என்று அம்மா சொல்கிறாள். வெள்ளை வேட்டியைப் போல இருக்கிற வயிற்றுக்காக என்று மாடி வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் தஞ்சாவூர்க்காரர், எதற்கும் ஒரு மாற்றுக் காரணம் வைத்திருப்பார்.

பெயர் விஷயத்தில் இந்தப் பறவைக்கு இன்னொரு கூத்து நடந்திருக்கிறது. அறிவியல் பெயரில் சாலாரிஸ் என்று ஒரு பகுதி வரும், ஸ்வீடன்காரரான லின்னேயஸ் 1758இல் வைத்தது. சூரியனுக்கான லத்தீன் சொல்லைத் தப்பாக எழுதிவிட்டார் என்று பலர் நினைத்தார்கள். இந்தியில் தயால், வங்காளியில் தோயேல் என்று இதைக் கூப்பிடுவது வெள்ளைக்காரர் காதில் டயல் என்று விழுந்து, டயல் என்றால் சூரிய கடிகாரம்தானே என்று அவர்கள் வேறு குழம்பியிருக்கிறார்கள். சூரியனும் இல்லை, கடிகாரமும் இல்லை, சௌலாரி என்ற இந்திச் சொல் அது, நூறு பாட்டு என்று பொருள் என்றார் எட்வர்ட் பிளித், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்தவர். அந்தப் பெயரோடு ஓர் ஆண் பறவையை முதன்முதலில் லண்டனுக்கு அனுப்பியது யார் என்று பார்த்தால், நம் சென்னை, ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி. லண்டனில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு செடி கொடி, உயிரினங்களைச் சேகரித்த ஜேம்ஸ் பெட்டிவர் அதைப் பார்த்து எழுதியபோது வைத்த பெயரில் மதராஸ்பட்டணம் என்ற சொல்லே உண்டு. லின்னேயஸ் பெயர் வைப்பதற்கு நாற்பது ஐம்பது வருஷம் முந்திய கதை இது. அங்கே போய்ச் சேர்ந்தது செத்த பறவை. நூறு பாட்டு என்று பெயர் எழுதிய சீட்டு மட்டும் கூடப் போனது, ஒரு பாட்டைக்கூட அவர்கள் கேட்டிருக்க முடியாது.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

முதல் பத்து நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் எப்படியும் தூக்கம் போச்சு என்று மாடியில் காபியோடு போய் உட்கார ஆரம்பித்தேன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது என்று நினைத்திருந்தேன், இல்லை. ஒரு விசில் மேலே ஏறி நடுங்கி நிற்கும். அடுத்தது கீழே சறுக்கும். நடுவில் கரகரவென்று தாளை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒரு நாள் தையல்சிட்டின் ட்விட் ட்விட் அப்படியே வந்தது, செம்பருத்திச் செடியில் தையல்சிட்டைத் தேடினேன், இல்லை, இவன்தான். மற்ற பறவைகளின் குரலை எடுத்துத் தன் பாட்டுக்குள் செருகிக்கொள்கிற பழக்கம் இதற்கு உண்டு. நமக்குக் குரல் பிறப்பது தொண்டையில். பறவைகளுக்கு அதற்கும் கீழே, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில். பாடும் பறவைகளில் அந்த இரண்டு கிளையையும் தனித்தனியாக இயக்க முடியும் என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பலாம், ஒரு பக்கம் ஓயும்போது இன்னொரு பக்கத்தில் தொடரலாம். நாதஸ்வரக்காரரும் ஒத்துக்காரரும் ஒரே உடம்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இதைப் படித்த பிறகு அந்த ஆன்டெனா பக்கம் பார்க்கும்போது கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. பாட்டு பிறப்பிலேயே முழுசாக வந்துவிடுவதும் இல்லை, குஞ்சுப் பருவத்தில் பெரியவை பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வகைப் பறவைகள் பழகுகின்றன.

ஆனால் பறவைப் பாட்டு என்றதும் தேனாகப் பாயுது, மனசுக்கு அமைதி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. அந்த மார்ச் மாதம் முழுக்க நான் கேட்டது ஒரு கிரயப் பத்திரம். வடக்கே எதிர்வீட்டு ஆன்டெனா, தெற்கே காலி மனையில் நிற்கும் பட்டுப்போன தென்னை, கிழக்கே தெருமுனை டிரான்ஸ்பார்மர், மேற்கே எங்கள் முருங்கை, இந்த நான்கெல்லைக்குள் பட்ட பூச்சி, புழு, பொந்து, பெட்டை அனைத்தும் எனக்குப் பாத்தியம் என்று தினமும் விடியுமுன் வக்கீல் வாசிக்கிறார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு வக்கீல் எதிர்ப் பத்திரம் வாசிப்பதும் காற்று இல்லாத நேரத்தில் காதில் விழும். இந்த ஆண் ஆன்டெனாவில் பாடினால் அந்த ஆண் ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஷெட்டின் மேலிருந்து பதில் சொல்லும். டிரான்ஸ்பார்மர் பக்கம் இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டால் பாட்டெல்லாம் கிடையாது, அலகை வானத்துக்குத் தூக்கி, மார்பைப் புடைத்து, வாலை விசிறியாக விரித்து, ஒன்றைப் பார்த்து ஒன்று நடைபோடும். அடிதடி அபூர்வம். பெரும்பாலும் ஒன்று பின்வாங்கிவிடும்.

இந்த எல்லைச் சண்டையில் எனக்கும் ஒரு செலவு வந்தது. ஏப்ரலில் ஒரு நாள் ஸ்கூட்டரை எடுக்கப் போனால் வலது பக்கக் கண்ணாடி முழுக்க எச்சம், அலகால் கொத்திய கறை. துடைத்தேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: வக்கீல் ஹேண்டில்பாரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக்குள் இருக்கிற வக்கீலைப் பார்த்து வாலை விரிக்கிறார், பாய்கிறார், விழுகிறார், மறுபடி ஏறுகிறார். பின்வாங்காத எதிரி ஒருத்தன் கிடைத்துவிட்டான். முக்கால் மணி நேரம் இந்த வேலை. பாவமாக இருந்தது, இரை தேடுகிற நேரமெல்லாம் இதிலேயே போகிறது. மகளின் பழைய பள்ளிக்கூட சாக்ஸை எடுத்துக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டேன். அதோடு நின்றது. ஒரு தடவை சாக்ஸைக் கழற்ற மறந்து தில்லைநகர் வரைக்கும் போய்விட்டேன், சிக்னலில் பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பெட்டையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆணில் எங்கெல்லாம் கறுப்போ அங்கெல்லாம் பெட்டையில் சாம்பல் என்று புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் தெருப் பெட்டையைப் பார்த்தால் அப்படி ஒன்றும் வெளுப்பாகத் தெரியவில்லை. மங்கல் கறுப்பு, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த பிறகு இருக்குமே, அந்த மாதிரி. முதலில் இரண்டுமே ஆண் என்று நினைத்துக் குழம்பினேன். பிற்பாடு படித்தால், தெற்கே வர வரப் பெட்டை கறுத்துக்கொண்டே வருகிறது, இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது. சிங்களத்தில் இதைப் பொல்கிச்சா என்கிறார்கள். காவிரிக்குத் தெற்கே இருப்பவற்றையும் இலங்கைப் பறவைகளையும் ஒரே உள்ளினமாக ஒரு காலத்தில் சேர்த்து எழுதியிருந்தார்கள், இப்போது அப்படிச் சேர்ப்பதில்லை. படித்ததும் எனக்கு ஒரே குஷி. என் வீடு காவிரிக்குத் தெற்கே, அம்மா வீடு காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி வடக்கே. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட கோடு எங்கள் குடும்பத்தின் நடுவே போகிறது! அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி லால்குடி போய், கிணற்றடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அம்மா வீட்டுப் பெட்டையைப் பார்த்தேன். அதுவும் அதே கரும்பலகை நிறம்தான், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆற்றைத் தாண்டப் பறவைக்கு ஒரு நிமிஷம் ஆகுமா. "வந்ததுலேர்ந்து கெணத்தையே பாத்துக்கிட்டு இருக்கியே, வீட்டுல எதாவது பிரச்சினையா?" என்று அம்மா கேட்டதுதான் மிச்சம்.

இனி சொல்லப் போவது எனக்குச் சொல்லப் பிடிக்காத பகுதி.

எங்கள் வீட்டு வாசல் சுவரில் பழைய மரத்தாலான மீட்டர் பெட்டி ஒன்று உண்டு. மீட்டரை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு வெறும் பெட்டி, முன்பக்கக் கண்ணாடி உடைந்து ஓட்டையாகக் கிடந்தது. ஏப்ரல் நடுவில் பெட்டை அதற்குள் போய்வர ஆரம்பித்தது. வேர், காய்ந்த புல், தேங்காய் நார், எங்கள் வீட்டுத் துடைப்பத்தின் ஈர்க்கு, சீப்பிலிருந்து எடுத்துப் போட்ட தலைமுடி என்று கொண்டுபோய்த் திணித்தது. கூடு என்றால் தூக்கணாங்குருவி மாதிரி வேலைப்பாடு ஒன்றும் இல்லை, பொந்துக்குள் ஒரு குப்பைப் படுக்கை, நடுவில் குழி. கட்டியது பெட்டைதான். ஆண் அந்த நேரமெல்லாம் ஆன்டெனாவிலும் முருங்கையிலும் உட்கார்ந்து பாடிக்கொண்டும் அணிலை விரட்டிக்கொண்டும் இருந்தது. நாளுக்கு ஒன்றாக நாலு முட்டை. வெளிர் நீலப் பச்சையில் செங்காவிப் புள்ளிகள். எப்படித் தெரியும் என்கிறீர்களா, பெட்டை வெளியே போகும் நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துப் படம் எடுத்தேன். தினமும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள்.

அடை காப்பது பெட்டை மட்டும். எட்டிலிருந்து பதினாலு நாளுக்குள் பொரிந்துவிடும் என்று படித்திருந்தேன், ஆகவே எட்டாம் நாளிலிருந்து ஸ்டூல் அங்கேயே நின்றது. பதினோராம் நாள் காலையில் ஆணும் பெண்ணும் சர்ர் சர்ர் என்று கத்திக்கொண்டு வாசலில் சுற்றின. அது பாட்டு இல்லை, அபாயச் சத்தம். நான் போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. ஸ்டூலின் மேல் தெருப் பூனை. பெட்டிக்குள் நார் கலைந்து, ஒரே ஒரு உடைந்த ஓடு. சாதாரணமாக அந்த உயரத்துக்குப் பூனையால் தாவியிருக்கவும் முடியாது, வழவழப்பான சுவர், பிடிக்க ஒன்றும் இல்லை. ஏணி போட்டுக் கொடுத்தவன் நான். பூனையைத் திட்டி என்ன ஆகப் போகிறது. குரூப்பில் சித்தி, "குஞ்சு பொரிச்சிருச்சாப்பா?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பதிலே போடவில்லை.

நாலைந்து நாள் விடிகாலை அமைதி. எனக்கு மூன்றரைக்கே முழிப்பு வந்துவிட்டது. ஆறாம் நாள் ஆன்டெனாவில் மறுபடி பாட்டு கேட்டது, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் படுத்திருந்த மனைவி, "மணி என்ன?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். இந்த முறை காலி மனையின் பட்டுப்போன தென்னையைப் பிடித்திருந்தார்கள். இடி விழுந்து கொண்டை போன மரம், மொட்டைத் தூணாக நிற்கிறது. முந்தி ஏதோ மரங்கொத்தி குடைந்து, அப்புறம் கிளி குடியிருந்து காலி செய்த பொந்து ஒன்று இருபதடி உயரத்தில். இந்தப் பறவையால் தானாக மரத்தைக் குடைய முடியாது, யாரோ விட்டுப்போன ஓட்டைதான் வேண்டும். மரப்பொந்து, சுவர்ப்பொந்து, உடைந்த குழாய், மனிதர்கள் வைக்கிற பெட்டி, எதுவானாலும் சரி. பொந்துக்கு மைனாவும் வரும், கிளியும் வரும், போட்டி அதிகம். அந்த மே மாதம் ஒரு ஜோடி மைனா வந்து தென்னையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. எடையில் தன்னைப் போல மூன்று மடங்கு இருக்கிற மைனாவை வக்கீல் முதுகில் அடித்து விரட்டியதை நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்டூல் பக்கமே போகவில்லை. பைனாகுலர் ஒன்று வாங்கினேன்.

குஞ்சு பொரித்தது எப்போது என்று நேரில் தெரியாது, ஆணும் பெட்டையும் வாயில் இரையோடு போக ஆரம்பித்ததிலிருந்து தெரிந்தது. இந்தக் கட்டத்தில் ஆணும் வேலைக்கு வந்துவிட்டது. வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, கரப்பான், எங்கள் மோட்டார் அறைச் சுவரிலிருந்து பல்லிக்குட்டி, ஒரு முறை பூரான்கூட. பூரானைச் சிமென்ட் தரையில் இப்படியும் அப்படியும் அடித்துத் துவைத்துத்தான் கொண்டுபோனது, வண்ணாத்திக்குருவி என்ற பெயருக்கு மூன்றாவதாக ஒரு காரணம் எனக்கும் கிடைத்தது. குளம் குட்டைக் கரையில் சின்ன மீனைக்கூடப் பிடிக்கும், முருக்கும் இலவும் பூத்தால் தேனும் குடிக்கும் என்கிறார்கள், எங்கள் தெருவில் அதற்கெல்லாம் வழியில்லை. சாயங்காலம் மற்ற குருவிகள் அடங்கிய பிறகும் இவர்கள் அடங்கவில்லை. தெருவிளக்கு எரிந்த பிறகு அதன் அடியில் விழுகிற பூச்சியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜூன் முதல் வாரத்தில் குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்றை எண்ணினேன். பெரியவர்களைப் போல இல்லை, தலையிலும் மார்பிலும் பழுப்புச் செதில் செதிலாக, அப்பாவின் கோட்டைப் போட்டுப் பார்த்து அழுக்காக்கிக்கொண்ட பையன்கள் மாதிரி. வால் மட்டும் அன்றைக்கே நிமிர்ந்து நின்றது.

ஜூலை கடைசியில் பாட்டு குறைந்தது. ஆகஸ்டில் சுத்தமாக நின்றது. யாராவது பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று பயந்தேன், காரணமில்லாமல் இல்லை. பாடுகிற குற்றத்துக்காகவே இதைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிற வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இந்தோனேசியாவில் கூண்டோடு கொண்டுவந்து பாட்டுப் போட்டியே நடத்துகிறார்கள், இதற்கு அங்கே நல்ல விலை. சிங்கப்பூரில் 1920களில் எங்கே பார்த்தாலும் இருந்த பறவை, 1970களில் தேடிப் பிடிக்க வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டது, ஒரு பக்கம் கூண்டுக்காரர்கள், ஒரு பக்கம் மைனாக்கள். 1980களில் மறுபடி கொண்டுவந்து பூங்காக்களில் விட்டார்கள். இதன் பங்காளி ஒன்று இந்துமாக்கடலில் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது, அது இன்னும் மோசமாகப் போனது. கப்பலில் வந்திறங்கிய பூனைகளும் எலிகளும் தீவு தீவாகத் தின்றுதீர்த்து, 1960களில் ஃப்ரெகேட் என்ற ஒரே ஒரு தீவில் 12 முதல் 15 பறவைகள் வரைதான் மிச்சம். பூனை இல்லாத தீவுகளுக்கு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் விட்டுப் பெருக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். பூனை என்று படித்ததும் அந்த ஸ்டூல் ஞாபகம் வந்து புத்தகத்தை மூடிவிட்டேன். பங்களாதேஷில் இதுதான் தேசியப் பறவை, அந்த நாட்டுப் பணமான டக்காவில் இரண்டு டக்கா நோட்டில் படம் போட்டிருந்தார்கள். அங்கே கூண்டில் வைத்தால் சொந்தக்காரனே வெட்கப்படுவான் என்று நினைக்கிறேன்.

பயம் வீண்தான். ஒரு நாள் மத்தியானம், மழை வந்து விட்ட பிறகு, குப்பைக்குழிப் பக்கம் வாழை இலைச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தார் வக்கீல். இறகு கொட்டி, வாலில் இரண்டு இறகு குறைந்து, கோட்டுப் பளபளப்புப் போய். என்னைப் பார்த்து ஸ்வீ என்று சன்னமாக ஒரு சத்தம், அவ்வளவுதான், செம்பருத்திக்கு அடியில் நுழைந்துவிட்டார். அப்புறம்தான் கவனித்தேன், தினமும் அங்கேதான் இருந்திருக்கிறார். பாடாதபோது இந்தப் பறவையைக் கண்டுபிடிக்க முடியாது, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பின்னால், செடிக்கு அடியில், சுவர் ஓரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். லால்குடிக் கிணற்றடியில் பத்து வருஷம் என் காலடியில் இருந்ததும் இப்படித்தான் போலிருக்கிறது.

இந்தத் தை மாசம் காலி மனைக்காரர் வீடு கட்டப் பூஜை போட்டார். மறுநாள் தென்னைக்கு ரம்பம் வந்தது. ஓடிப்போய்ப் பேசினேன். நல்ல மனுஷர், ஆனால் அஸ்திவாரம் அந்த இடத்தில்தான் வருகிறது. "இந்தப் பட்ட மரத்த வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார். பொந்து இருக்கிற துண்டை மட்டும் அறுத்துக் கொடுக்கச் சொன்னேன். மரம் அறுக்க வந்தவர் மேலே கீழே ஒன்றரை அடி விட்டு அழகாக அறுத்து, அடிப்பக்கம் அட்டை வைத்து ஆணியும் அடித்துக் கொடுத்துவிட்டு, தனியாக இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். மாடி வீட்டுக்காரரும் நானும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டித் தூணில், பூனை ஏற முடியாத உயரத்தில், கட்டுக்கம்பி போட்டுக் கட்டினோம். பொந்து கிழக்கே பார்க்க வேண்டும் என்று நான், வடக்கே பார்க்கட்டும் வெயில் அடிக்காது என்று அவர். வடக்கே பார்த்துக் கட்டியிருக்கிறது.

ஒரு வாரமாக ஆன்டெனாவில் பாட்டு தொடங்கியிருக்கிறது. இன்னும் முழுக் குரல் வரவில்லை. முந்தாநாள் பெட்டை தொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, தென்னந்துண்டை ஒரு பக்கக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனது. இப்போதைக்கு அதில் கட்டெறும்பு குடியிருக்கிறது.